கிட்டார் வாங்குமுன் அதன் ஒலியை எடைபோட எந்த வழி?

மின்கருவியின் துணையின்றித் தன் மர உடலாலேயே ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரை மடியில் வைத்து வாசிப்பவர், எதிரில் இருப்பவர் அதைக் கேட்பது போல ஒருபோதும் கேட்பதில்லை. மேற்பலகையும் ஒலித்துளையும் ஒலியை முன்னோக்கி அனுப்புகின்றன. வாசிப்பவரின் காதுகளோ அவற்றுக்குப் பின்னால், சற்று மேலே இருக்கின்றன. உடலைச் சுற்றி வளைந்து வரும் கீழ்ஸ்வரங்கள், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் மேல்ஸ்வரங்கள், மார்பிலும் விலாவிலும் நேரே உறைக்கும் அதிர்வு ஆகிய மூன்றும் கலந்த ஒன்றைத்தான் அவர் "இந்தக் கிட்டாரின் தொனி" என்று எண்ணிக்கொள்கிறார். வாங்குவதற்கு முன்னால் ஒலியளவையும் தொனியையும் எடைபோட முனைபவருக்கு இதுதான் முதல் சிக்கல். விவரக்குறிப்பைப் படிப்பது, காணொளியில் கேட்பது, கடையில் தானே வாசித்துப் பார்ப்பது, வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரில் அமர்வது, கைபேசியில் டெசிபெல் அளப்பது, சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பது என வழிகள் பல. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருகின்றன; எதை எதற்கு நம்பலாம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டால் முடிவு தவறிவிடும்.

நான் அப்படித் தவறியவன். முதல் முறை கடைக்குப் போனபோது இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி மீட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்ததை எடுத்து வந்தேன். மூன்று வாரத்தில் அந்தக் கணீர் மங்கிவிட்டது. பிறகுதான் புரிந்தது: அதில் சமீபத்தில் புதுத் தந்தி மாட்டியிருந்தார்கள், பக்கத்தில் இருந்ததிலோ எத்தனையோ பேரின் விரல் வியர்வை ஏறிக் கறுத்துப்போன தந்திகள். நான் ஒப்பிட்டது தந்திகளை; காசு கொடுத்தது மரத்துக்கு.

வழிகளை ஒப்பிடுமுன் எதைத் தேடுகிறோம் என்பதைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தந்தியைத் தட்டும்போது விரல் அதற்குக் கொடுக்கும் ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. அந்தக் கையிருப்பை மேற்பலகை எவ்வளவு வேகமாக எடுத்துக் காற்றில் செலவழிக்கிறது என்பதைப் பொறுத்து ஒலியளவு அமைகிறது. எவ்வளவு நேரம் இழுத்துச் செலவழிக்கிறது என்பதைப் பொறுத்து ஸ்வரத்தின் நீடிப்பு அமைகிறது. இலேசான மேற்பலகை பளிச்சென்று வெடித்துச் சட்டென அடங்கும். கனத்த பலகை அடக்கமாகத் தொடங்கி நெடுநேரம் இழையும். சத்தமும் வேண்டும், நீண்டும் ஒலிக்க வேண்டும் என்பவர் ஒரே பையிலிருந்து இரண்டு செலவு கேட்கிறார். தேர்ந்த கைவினைஞர் மரத்துக்குள் வீணாகும் பங்கைக் குறைக்கலாமே தவிர, பையின் அளவைக் கூட்ட முடியாது. ஆகவே கடையிலேயே மிக உரத்த கிட்டாரைத் தேடிப் போவது பாதிக் கேள்விக்கு மட்டும் விடை தேடுவதாகும்.

இதோடு காது செய்யும் ஒரு வஞ்சனையும் சேர்ந்துகொள்கிறது. ஒலி ஏறத்தாழ 10 டெசிபெல் கூடினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு உரக்கத் தோன்றும். ஒன்று இரண்டு டெசிபெல் வேறுபாட்டைப் பெரும்பாலோர் "சத்தம் அதிகம்" என்று உணர்வதேயில்லை. மாறாக, உரத்தது "செழுமையாக இருக்கிறது", "நிறைவாக இருக்கிறது" என்றுதான் படும். ஒலியளவு ஏற ஏறக் கீழ்ஸ்வரங்களை நம் காது கூடுதலாக உள்வாங்குவது இதற்கு ஒரு காரணம். எனவே இரண்டு கிட்டார்களின் தொனியை ஒப்பிடும்போது உரத்ததைச் சற்று மென்மையாக வாசித்து, இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும்படி செய்துகொண்ட பிறகே எது இனிமை என்று கேட்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் கீழே சொல்லப்படும் வழிகள் அனைத்தும் பாதி பயனே தரும்.

விவரக்குறிப்பைப் படித்துத் தீர்மானிப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். மரப் பெயர்களின் மீது கிட்டார் உலகம் வைத்திருக்கும் பக்தி பெரிது. மேற்பலகையைப் பொறுத்தவரை அதற்கு நியாயம் உண்டு: ஒட்டுப்பலகையைவிட முழுமரப் பலகை பொதுவாகத் தாராளமாக அதிர்கிறது, ஸ்ப்ரூஸ் மேற்பலகை ஓங்கி அடித்தாலும் தெளிவு குலையாமல் தாங்குகிறது, சீடர் மேற்பலகை மெல்லிய விரல்வாசிப்புக்கே உடனே மலர்ந்து, ஓங்கி அடிக்கும்போது விரைவில் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பின்பலகை, பக்கப்பலகை விஷயத்தில்தான் பேச்சு உண்மையைத் தாண்டிப் போகிறது. ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ டி டோரஸ் 1862இல் ஸ்ப்ரூஸ் மேற்பலகைக்குக் காகிதக்கூழ் அட்டையால் பின்புறமும் பக்கமும் கட்டி ஒரு கிட்டாரே செய்து, ஒலியின் உயிர் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்ட முயன்றார். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வழியில் சோதித்தது: பின்பலகை, பக்கப்பலகை மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை 52 கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்து வாசித்து மதிப்பிட்டார்கள். கிடைத்தற்கரிய பிரேசில் ரோஸ்வுட், ஈட்டி மரம், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் ஆகிய ஆறுக்கும் அவர்கள் தந்த மதிப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பின்பலகை மரத்தின் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் அழகுக்கும் பெருமைக்கும் கொடுக்கிறார் என்றே நான் கருதுகிறேன். அதில் தவறில்லை, அதை ஒலிக்கான செலவு என்று எழுதிக்கொள்ளாதவரை.

உடலின் வடிவமும் அளவும் விவரக்குறிப்பில் படிக்கத் தக்கவை. 1906இன் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கி 1916இல் மார்ட்டின் நிறுவனம் செய்யத் தொடங்கிய டிரெட்நாட் வடிவம், அகன்ற இடுப்பும் ஆழ்ந்த வயிறும் கொண்டு, கார்டுகளை (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டுகளை) ஓங்கி மீட்டுவதற்கு ஏற்ற கனத்த கீழ்ஒலியைத் தருகிறது. இடுப்பு ஒடுங்கிய சிறிய உடல்களில் அந்தக் கனம் குறையும். ஆனால் தந்திக்குத் தந்தி ஒலி பிரிந்து தெளிவாகக் கேட்கும். விவரக்குறிப்பு சொல்லாத ஒன்றும் உண்டு: மேற்பலகைக்கு அடியில் ஒட்டப்பட்டிருக்கும் தாங்குசட்டங்கள் எப்படிச் செதுக்கப்பட்டுள்ளன என்பது. சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை எஃகுத் தந்திகளின் 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். உடைந்துவிடுமோ என்று அஞ்சிச் சட்டங்களைத் தடிமனாக விட்டால் கிட்டார் வாயை மூடிக்கொள்ளும்; துணிந்து செதுக்கினால் பேசும். ஒரே மாதிரியைச் சேர்ந்த, ஒரே விவரக்குறிப்புள்ள இரண்டு கிட்டார்கள் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் வேறுபடுவதற்கு இதுவும், மரத்துக்கு மரம் மாறும் விறைப்பும் காரணம். ஆகவே விவரக்குறிப்பு நூறு கிட்டார்களை ஐந்தாகச் சுருக்க உதவும்; ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவாது.

காணொளியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலியளவை அதில் அறியவே முடியாது, ஏனெனில் பதிவு செய்தவர் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திருப்பார். தொனியும் கிட்டாரிலிருந்து மைக், மைக் வைத்த இடம், அறை, ஒலிப்பதிவுக்குப் பின் நடந்த ஒப்பனை, கேட்பவரின் ஒலிபெருக்கி என்று ஐந்து கை மாறி வருகிறது. மிகத் தடித்ததான ஆறாவது தந்தியின் அடிப்படை அதிர்வு 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 முறை. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கி அதை ஒலிக்கவே ஒலிக்காது, மேல் அதிர்வுகளை வைத்து நம் மூளைதான் இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒரே ஆள், ஒரே அறையில், மைக்கை நகர்த்தாமல் இரண்டு மூன்று கிட்டார்களை அடுத்தடுத்து வாசித்த பதிவு கிடைத்தால் மட்டும், நல்ல ஹெட்ஃபோனில் கேட்டு, பிடிக்காததை ஒதுக்குவதற்குப் பயன்படுத்தலாம்.

இனி கடையில் தானே வாசித்துப் பார்ப்பது. இதில் கிடைக்கும் தகவல் மிகுதி. ஏமாறும் வாய்ப்பும் அதே அளவுக்கு மிகுதி. ஒப்பிடும் கிட்டார்களில் உள்ள தந்திகள் எந்த வகை, எவ்வளவு பழையவை என்பதை முதலில் பார்க்க வேண்டும். எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு துத்தநாகமும் கலந்த தந்தி புதிதில் பளீரென்றும், பாஸ்பர் பிரான்ஸ் தந்தி சற்று வெதுவெதுப்பாகவும் ஒலிக்கும். மிக மெல்லியதான முதல் தந்தி 0.012 அங்குலம் உள்ள தொகுதி, 0.010 அங்குலம் உள்ளதைவிட மேற்பலகையை வலுவாக அசைக்கும். விரலால் தடவினால் சொரசொரப்பும் கறுப்பும் தெரியும் தந்திகளை மாற்றித் தரும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். தந்தியின் விலையை நாமே தருவதாகச் சொன்னாலும் நட்டமில்லை. இரண்டாவதாக, தந்திகள் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாவது தந்தி 2.4 மில்லிமீட்டர் அளவிலும் முதல் தந்தி 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் அளவிலும் இருப்பது வழக்கமான அமைப்பு. வாடிக்கையாளரின் விரலுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று இதை இன்னும் தாழ்த்தி வைத்திருந்தால், சற்று ஓங்கி அடித்தவுடன் தந்திகள் ஃப்ரெட்டில் உரசி இரையும். கிட்டாருக்கே சத்தம் போதாது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். மூன்றாவது, தந்தியை மீட்டும் சிறு தகடான பிக். நாள்தோறும் பயன்படுத்தும் பிக்கைக் கையோடு கொண்டு போகாமல் கடைக்காரர் நீட்டும் 0.5 மில்லிமீட்டர் பிக்கில் வாசித்தால், ஒரு மில்லிமீட்டர் பிக்குக்குப் பழகிய கைக்கு எந்தக் கிட்டாரும் தகரமாகவே தோன்றும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு, சுருதி சேர்த்து, சுவரைப் பார்த்தபடி ஒரு மீட்டருக்குள் உட்கார வேண்டும். முன்னோக்கிப் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, எதிரில் இருப்பவர் கேட்பதில் ஒரு பங்கையாவது நமக்குக் கொண்டுவந்து சேர்க்கும். உடனே பழகிய பாட்டை வாசிக்கத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. பாட்டில் மனம் லயித்துவிட்டால் கிட்டாரைக் கேட்கும் காது மூடிக்கொள்ளும். அதற்குப் பதில் ஆறாவது தந்தியைத் திறந்த நிலையிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டாவது வரை, ஒரே விசையில், ஒவ்வொரு ஸ்வரமும் அடங்கும்வரை காத்திருந்து வாசித்துப் பார்க்கலாம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஃப்ரெட் ஒன்றில் ஸ்வரம் திடீரென்று வீங்கி எழுந்து விரைவில் அமுங்கும். அது பழுதன்று. உடலுக்குள் அடைபட்ட காற்றின் இயல்பான அதிர்வு பெரும்பாலான கிட்டார்களில் 90 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ், நான்காம் ஃப்ரெட் 104. ஒலித்துளைக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த சுருதியில் மெல்ல முனகியபடி ஏறி இறங்கினால், அந்த ஒரு சுருதியில் கிட்டார் கைக்குள்ளேயே சிலிர்த்துப் பதில் சொல்வதை உணரலாம். கடையில் மற்றவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கேட்க வேண்டியது, அந்த வீக்கம் பக்கத்து ஸ்வரங்களோடு சரிந்து இணைகிறதா, அல்லது ஒற்றைப் புடைப்பாகத் துருத்தி நிற்கிறதா என்பதே. மூன்றாம் ஃப்ரெட்டில் அப்படித் துருத்தி நின்றால் ஒவ்வொரு ஜி கார்டிலும் அந்த ஸ்வரம் மற்றவற்றை மூழ்கடிக்கும்.

மேல் தந்திகளில் இதற்கு நேர்மாறான குறை ஒளிந்திருக்கும். முதல் இரண்டு தந்திகளில் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒவ்வொரு ஸ்வரமாக வாசிக்கையில், மரத்தில் மரம் மோதியது போல "டொக்" என்று பிறந்த இடத்திலேயே இறக்கும் ஸ்வரம் ஒன்றிரண்டு தென்படலாம். பல கிட்டார்களில் தொனியின் தரம் தெரிவது இந்தப் பகுதியில்தான் என்பது என் அனுபவம். தாழ்ந்த கார்டுகளை ஓரளவு நன்றாக ஒலிக்கச் செய்வது எளிது, மெல்லிய தந்தியின் மேல்ஸ்வரத்துக்குச் சதைப்பற்று கொடுப்பது கடினம்.

ஒலியளவைச் சோதிக்க ஓங்கி அடிப்பது போதாது. ஒரே ஈ மேஜர் கார்டை, தூங்கும் குழந்தையை எழுப்பாத அளவுக்கு மெல்லத் தொடங்கி, எட்டு அல்லது பத்துப் படிகளில் கையின் முழு வலு வரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சில கிட்டார்கள் நான்காம் படியிலேயே தங்கள் முழுக் குரலையும் கொடுத்துவிட்டு, அதன்பின் எவ்வளவு அடித்தாலும் கரகரப்பை மட்டுமே கூட்டும். சில, கீழ்ப்படிகளில் ஊமையாக இருந்து பாதிக்கு மேல்தான் விழிக்கும். மெல்ல வாசித்தாலும் வார்த்தை புரிய, ஓங்கி அடித்தாலும் குரல் பிளக்காத கிட்டார், மொத்தச் சத்தத்தில் சற்றுக் குறைந்ததாக இருந்தாலும், வாசிப்பவருக்கு விரிந்த களத்தைத் தருகிறது. இந்த வீச்சைத்தான் நான் உச்ச ஒலியளவுக்கு மேலாக மதிக்கிறேன்.

ஆயினும் இத்தனையும் வாசிப்பவரின் காதில் நடப்பவை. வேறொருவரை வாசிக்கச் சொல்லி, மூன்று நான்கு மீட்டர் தள்ளி எதிரில் அமர்ந்து கேட்பது இதுவரை சொன்ன வழிகள் எல்லாவற்றையும்விட நேர்மையானது. பெரும்பாலோர் தவிர்ப்பதும் இதையே. காரணம் கூச்சமாக இருக்கலாம், உடன் வர ஆள் இல்லாமல் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துச் சென்று, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டே இரண்டு கிட்டார்களை அவர் விருப்பப்படி முன்பின்னாக மாற்றி ஒரே நாலு வரியை வாசிக்கச் செய்து, ஒவ்வொரு முறையும் பிடித்ததா என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஆறு முறையில் மூன்று முறை ஒன்றும் மூன்று முறை மற்றதும் பிடித்திருந்தால், கண் திறந்திருந்தபோது தெரிந்த வேறுபாடு பெயர்ப்பலகையிலோ மெருகிலோ இருந்தது என்று கொள்ள வேண்டியதுதான். மூன்று கிட்டார்களுக்கு மேல் ஒரே அமர்வில் இப்படிக் கேட்பது வீண், காது சலித்துவிடும். மடியில் முழங்கிய ஒன்று நாலு மீட்டரில் குழைந்து மங்குவதையும், மடியில் வறண்டு தோன்றிய ஒன்று தொலைவில் தெளிந்து வந்து சேர்வதையும் இந்தச் சோதனையில் காணலாம். பிறருக்காக வாசிப்பவருக்கு இந்த முடிவே இறுதியானது. தனக்காக மட்டும் அறையில் வாசிப்பவருக்கோ மடியில் கேட்பதே உண்மை. அவர் இந்தச் சோதனைக்கு இரண்டாம் இடம் கொடுத்தால் போதும்.

கைபேசிச் செயலியால் டெசிபெல் அளந்து பார்ப்பவர்களையும் காண்கிறேன். எண் கையில் இருந்தால் மனதுக்கு ஒரு தெம்பு வரும் என்பது உண்மை. ஆனால் ஒரே ஆள் ஒரே கிட்டாரை அடுத்தடுத்து மீட்டும்போதே அந்த எண் சில டெசிபெல் ஏறி இறங்குகிறது. இரண்டு நல்ல கிட்டார்களுக்கு இடையிலான வேறுபாடு அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். பத்துப் பத்து முறை மீட்டிச் சராசரி எடுக்கும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே இது ஏதேனும் சொல்லும். அப்போதும் தொனியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

திருப்பித் தரும் உரிமையோடு வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தால், கடைச் சோதனையில் தப்பியவை அங்கே வெளிப்படும். கடையின் வெறுந்தரையும் கண்ணாடிச் சுவரும் மேல்ஸ்வரங்களுக்கு ஏற்றிக் காட்டிய பளபளப்பு, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் காணாமற்போகும். பாடிக்கொண்டே வாசிப்பவர் தன் குரலோடு அதைச் சேர்த்துக் கேட்க வீடுதான் இடம்: தனியாக வாசிக்கும்போது மயக்கிய நடுஸ்வரச் செழுமை, குரல் வந்தவுடன் அதே இடத்துக்குப் போட்டி போட்டு வார்த்தைகளை மூடுவது உண்டு, தனியாகச் சற்று மெலிந்து தோன்றிய கிட்டார் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதும் உண்டு. இரவில் மெல்ல வாசித்துப் பார்ப்பது, பழகிய தந்தித் தொகுதியை மாட்டிப் பார்ப்பது, ஒரு நாள் தொடாமல் விட்டு மறுநாள் புதிய காதோடு கேட்பது என்று எல்லாம் இங்கே கூடும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஈரம் ஏறி உப்பிய மேற்பலகை மந்தமாகவும், உலர்ந்தது வறட்டுத்தனமாகவும் ஒலிப்பதால், அந்த நிலையில் கேட்டதை வைத்து மரத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. "போகப்போக ஒலி திறந்துகொள்ளும்" என்று விற்பவர் சொல்லும் ஆறுதலையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். திறந்தால் மகிழ்ச்சி, இன்று கேட்பதற்கே விலை.

இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குழுவோடு சேர்ந்து கார்டு மீட்டுபவர் எதிரில் அமர்ந்து கேட்கும் வழியையும், பாடுபவர் வீட்டுச் சோதனையையும், தனியே விரல்வாசிப்பு செய்பவர் சுவரைப் பார்த்து ஸ்வரம் ஸ்வரமாக நடக்கும் சோதனையையும் தேர்வது பொருத்தம் என்பேன். எப்போதும் பிக்கப் (அதிர்வை மின்சைகையாக மாற்றும் கருவி) வழியாக ஒலிபெருக்கியில் மட்டுமே வாசிக்கப் போகிறவர், மரத்தின் ஒலியளவுக்காக அலைவதைக் குறைத்துக்கொண்டு, பிக்கப்பைச் செருகிக் கேட்க அந்த நேரத்தைச் செலவிடலாம். உரத்த மேற்பலகை அங்கே உதவியாக இல்லாமல், ஒலிபெருக்கியின் சத்தத்தை வாங்கி ஊளையிடும் தொல்லையாகவே முடியக்கூடும். எந்த வழியில் சோதித்தாலும், கண்ணை மூடிக் கேட்டபோது இரண்டு கிட்டார்களைப் பிரித்தறிய முடியவில்லை என்றால், ஒலியைப் பற்றிய விவாதத்தை அங்கேயே விட்டுவிட்டு, அரை மணி நேரம் வாசித்த பிறகும் இடது மணிக்கட்டு வலிக்காத கிட்டாரை எடுத்துக்கொள்ளலாம்.